ஹால்ல உக்காந்து ஊதினா அது யாருக்குப் போகுது? ஜப்பான்ல 91,540 மனைவிகளை வெச்சு நடந்த ஆய்வு

போன மாசம் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஏசி ஓடுறதால ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு, எட்டு மாசக் குழந்தை தரையில பாய் மேல தவழ்ந்துட்டு இருக்கான், மாப்பிள்ளை சோஃபால உக்காந்து வேப், அதாவது இ-சிகரெட், இழுத்துட்டு இருக்கார். ஹால் பூரா மாம்பழ வாசனை. "சிகரெட்டை விட்டுட்டேன் மச்சான், இது வெறும் ஆவிதான், வீட்டுக்குள்ள அடிச்சா யாருக்கும் ஒண்ணும் இல்ல"ன்னார். அவர் பொய் சொல்லல, உண்மையாவே அப்படித்தான் நம்புறார், குழந்தை பொறந்ததுக்காகத்தான் சிகரெட்டையே விட்டார், அது எனக்குத் தெரியும், அதனால நான் அங்க வாயைத் திறக்கல.

ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எங்க அப்பா ஞாபகம் வந்துடுச்சு. அவரும் ஹால்லதான் உக்காந்து பிடிப்பார். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வர்றவர் எல்லா சுவருக்கும் ஒரு கோட்டு அடிச்சா அப்பா நாற்காலிக்குப் பின்னாடி இருக்குற சுவருக்கு மட்டும் ரெண்டு கோட்டு அடிக்கணும்னு சொல்வார், அவ்வளவு மஞ்சளா இருக்கும். அந்த ஹால்லதான் நாங்க படிச்சோம், சாப்பிட்டோம், தூங்கினோம். அம்மா முப்பது வருஷம் அந்த ஹால்ல உக்காந்து காய் நறுக்கினாங்க, அவங்க என்னத்த சுவாசிச்சாங்கன்னு வீட்டுல யாருமே ஒரு நாளும் யோசிச்சதில்ல.

இதை முதல்ல யோசிச்சு, எண்ணி, கணக்குப் போட்டு உலகத்துக்குச் சொன்னவர் ஒரு ஜப்பான்காரர். அந்தக் கேஸைத்தான் முழுசா எழுதணும்னு உக்காந்திருக்கேன், ஏன்னா இன்னிக்கு வேப் பத்தி நடக்குற பேச்சு எல்லாமே அன்னிக்கு சிகரெட்டுக்கு நடந்த பேச்சுதான், இதைப் படிச்சா அது தெரியும்.

அவர் பேரு டகேஷி ஹிரயாமா. டோக்கியோ தேசிய புற்றுநோய் மைய ஆராய்ச்சி நிலையத்துல நோய்ப்பரவல் பிரிவுக்குத் தலைவரா இருந்தவர். 1965 கடைசியில 6 மாகாணத்துல 29 சுகாதார நிலையப் பகுதிகள்ல 40 வயசுக்கு மேல இருந்த 2,65,118 பேரை வீடு வீடாப் போய் பேட்டி எடுத்தாங்க. என்ன சாப்பிடுறீங்க, குடிக்கிறீங்களா, புகை பிடிக்கிறீங்களா, என்ன வேலைன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம் அவங்கள்ல யார் யார் எதனால இறந்தாங்கன்னு வருஷா வருஷம் பதிவேட்டைப் பார்த்து சேர்த்துக்கிட்டே வந்தாங்க. இது ஆரம்பத்துல வீட்டுப் புகையைப் பத்தின ஆய்வே இல்ல. பொதுவா எந்தப் பழக்கம் எந்த நோயைக் கொண்டு வருதுன்னு பார்க்குற பெரிய ஆய்வு, அவ்வளவுதான்.

திருப்பம் எங்கன்னா, ஒரே வீட்டுல கணவனையும் பேட்டி எடுத்திருந்தாங்க, மனைவியையும் எடுத்திருந்தாங்க. அப்ப ஜப்பான்ல ஆம்பளைங்கள்ல 100க்கு 80 பேருக்கு மேல சிகரெட் பிடிச்ச காலம், பொம்பளைங்கள்ல பிடிக்கிறவங்க ரொம்பக் கம்மி. அதாவது தான் ஒரு சிகரெட்டையும் தொடாம ஆனா தினமும் சிகரெட் புகைக்குள்ளயே குடும்பம் நடத்துற பெண்கள் லட்சக்கணக்குல இருந்தாங்க. ஹிரயாமா என்ன பண்ணார்னா, புகை பிடிக்காத மனைவிகள் 91,540 பேரோட தாளை எடுத்து அவங்க கணவரோட தாளோட ஜோடி சேர்த்தார். 1966ல இருந்து 1979 வரை 14 வருஷத்துல அவங்கள்ல 174 பேர் நுரையீரல் புற்றுநோய்ல இறந்திருந்தாங்க. அந்த 174 பேரும் எந்த வீட்டுல இருந்து வந்தாங்க? அதுதான் அவர் கேட்ட கேள்வி.

கணவர் புகை பிடிக்காத வீட்டு மனைவியோட இறப்பு விகிதத்தை 1ன்னு வெச்சுக்கிட்டா, முன்னாடி பிடிச்சு விட்டவர் இல்ல ஒரு நாளைக்கு 19 வரைக்கும் பிடிக்கிறவர் வீட்டு மனைவிக்கு 1.61. ஒரு நாளைக்கு 20ம் அதுக்கு மேலயும் பிடிக்கிறவர் வீட்டு மனைவிக்கு 2.08. படி ஏற ஏற ஆபத்தும் ஏறுது பாருங்க, அதுதான் இதுல முக்கியம். சும்மா தற்செயலா வந்திருந்தா இப்படி வரிசையா ஏறாது. விவசாயக் குடும்பங்கள்ல, அதுவும் கணவருக்கு 40லேர்ந்து 59 வயசுக்குள்ள இருந்த வீடுகள்ல, இது 4.6 வரைக்கும் போச்சு. எனக்குத் தோணுற காரணம், கிராமத்துல வேற புகை கம்மி, டவுன்ல பஸ் லாரி ஃபேக்டரின்னு ஆயிரம் இருக்கும், கிராமத்து வீட்டுல கெட்ட காத்துன்னா அது அந்த ஒரு மனுஷன்கிட்ட இருந்து வர்றதுதான்.

இன்னொரு விஷயமும் பண்ணார், எனக்கு அவர் மேல மரியாதை வந்ததே இதனாலதான். "சிகரெட் பிடிக்கிற ஆள் வீட்டுல எல்லாமே மோசமா இருக்கும், வறுமை இருக்கும், சாப்பாடு சரியிருக்காது, அதனால மனைவிக்கு நோய் வந்திருக்கும்"னு யாராவது கேப்பாங்க இல்ல? அதனால கணவரோட குடிப்பழக்கத்தையும் ஜோடி சேர்த்துப் பார்த்தார். கணவர் குடிக்கிறதுக்கும் மனைவியோட நுரையீரல் புற்றுக்கும் சம்பந்தமே இல்ல. மனைவிக்கு வர்ற வயித்துப் புற்று, கருப்பை வாய்ப் புற்று இதுக்கும் கணவர் சிகரெட்டுக்கும் தொடர்பு தெரியல. நுரையீரல்ல மட்டும் அவ்வளவு தெளிவா தெரியுது. புகை எங்க போய் உக்காருமோ அங்கதான் நோய் வந்திருக்கு.

1981 ஜனவரி 17 அன்னிக்கு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல மூணே பக்கத்துல இது வெளியாச்சு. அதே மாசம் ஏதென்ஸ்ல இருந்து டிமிட்ரியோஸ் ட்ரைக்கோபோலோஸ்னு ஒருத்தர் சின்ன அளவுல பண்ண வேற ஒரு ஆய்வும் இதையேதான் சொல்லுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதல.

உடனே அடி விழுந்துச்சு. அமெரிக்க சிகரெட் கம்பெனிகளோட சங்கமான டொபாக்கோ இன்ஸ்டிட்யூட், ஹிரயாமா கணக்குல தப்பு இருக்குன்னு பத்திரிகைகளுக்கு சொல்லி விளம்பரமும் குடுத்துச்சு. நேத்தன் மேன்டல்னு பெரிய புள்ளியியல் நிபுணர் பேரையும் அதுக்குப் பயன்படுத்திக்கிட்டாங்க. ஜனங்க மனசுல "ஓ, அது தப்பான ஆய்வாமே"ன்னு பதிஞ்சா போதும், அதுதான் வேணும். ஆனா அதே 1981 ஜூலைல ஒரு சிகரெட் கம்பெனிக்குள்ளயே ஓடின ஒரு குறிப்பு பல வருஷம் கழிச்சு வெளிய வந்துச்சு. அதுல என்ன இருந்துச்சுன்னா, ஜெர்மனியில அந்தத் தொழிலுக்கே வேலை பார்க்குற விஞ்ஞானிங்க ஹிரயாமா சொன்னது சரின்னு நினைக்கிறாங்க, டொபாக்கோ இன்ஸ்டிட்யூட்டும் அது சரின்னு தெரிஞ்சேதான் தாக்குதுன்னு சொல்றாங்கன்னு எழுதியிருந்துச்சு. இதைப் படிச்சப்ப எனக்கு கை நடுங்குச்சு. சரின்னு தெரிஞ்சும் சொல்லல. அந்த வருஷங்கள்ல எங்க அம்மா அந்த ஹால்ல உக்காந்திருந்தாங்க.

அப்பவும் விடல. 1990கள்ல கம்பெனிங்க காசு குடுத்து வக்கீல் ஆபீஸ் வழியா ஜப்பான்லயே ஒரு எதிர் ஆய்வு நடத்தினாங்க, "கணவர் புகை பிடிக்கிறார்ங்கறதை வெச்சு மனைவி புகையை சுவாசிச்சாங்கன்னு சொல்ல முடியாது, பிடிக்காதவங்கன்னு சொன்ன பெண்கள்ல சிலர் ரகசியமா பிடிச்சவங்க"ன்னு காட்டுறதுக்காக. உழைச்ச ஜப்பான் ஆராய்ச்சியாளர்களோட பேரே இல்லாம, கம்பெனிகளுக்கு ஆலோசகரா இருந்த ஒருத்தர் பேர்ல 1995ல அது வெளியாச்சு. அந்தப் பின்னணி 2002ல அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அம்பலமாச்சு. ஹிரயாமா 1995லயே இறந்துட்டார், அவர் அதைப் பார்க்கல.

ஒரு நியாயமும் சொல்லணும். கம்பெனிக்காரங்க சொன்னதுல ஒரு விஷயம் கேள்வியா உண்மையான கேள்விதான். 1965ல அந்த மனைவிகள்கிட்ட "உங்க வீட்டுக்காரர் உங்க பக்கத்துல உக்காந்து எத்தனை மணி நேரம் பிடிப்பார், எந்த ரூம்ல பிடிப்பார்"னு யாரும் கேக்கல. கணவர் எத்தனை சிகரெட்டுன்னு மட்டும்தான் தெரியும். அதனால அந்த 2.08ங்கறது கடைசி நம்பர் இல்ல. 2016 ஆகஸ்ட்ல அதே ஜப்பான் தேசிய புற்றுநோய் மையம், அதாவது ஹிரயாமா வேலை பார்த்த அதே இடம், ஜப்பான்ல நடந்த 9 ஆய்வுகளை சேர்த்துப் பார்த்து, அடுத்தவங்க புகையால நுரையீரல் புற்று ஆபத்து சுமார் 1.3 மடங்குன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முன்னாடி "கிட்டத்தட்ட உறுதி"ன்னு வெச்சிருந்ததை "உறுதி"ன்னு மாத்தினாங்க. நம்பர் இறங்கியிருக்கு, ஆனா சந்தேகம் போயிடுச்சு. உடனே ஜப்பான் டொபாக்கோ கம்பெனி இதை ஏத்துக்க முடியாதுன்னு அறிக்கை விட்டுச்சு, சில வாரத்துலயே மையம் அதுக்கு வரி வரியா பதில் குடுத்துச்சு. 1981ல ஜப்பான்ல சிகரெட் வித்ததே அரசாங்க நிறுவனம்தான், 1985ல அது கம்பெனியா மாறின பிறகும் மூணுல ஒரு பங்குக்கு மேல அரசாங்கம் கையில இருக்கணும்னு சட்டமே இருக்கு. அந்த நாட்டுக்குள்ள உக்காந்து அரசாங்க சம்பளம் வாங்கிக்கிட்டு ஒருத்தர் இதை எழுதினார்ங்கறதை யோசிச்சுப் பாருங்க.

சரி, ஹால்ல ஒருத்தர் பிடிச்சா அங்க என்னதான் நடக்குது? ஒரு சிகரெட்ல இருந்து ரெண்டு புகை வருது. ஒண்ணு பிடிக்கிறவர் இழுத்து விடுறது. இன்னொண்ணு விரல் இடுக்குல சும்மா இருக்கும்போது நுனியில இருந்து நூல் மாதிரி எழும்புது பாருங்க, அது. ரூம்ல சேர்ற புகையில 85 சதவீதம் அந்த நூல்தான். அது எந்த ஃபில்டர் வழியாவும் வரல. இழுக்கும்போது நுனி நல்லா சூடாகி எரியும், சும்மா இருக்கும்போது சூடு குறைஞ்சு அரைகுறையா எரியும், அதனால அந்தப் புகை சில விஷயத்துல இன்னும் மோசம். துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழ, நம்ம முடி 50லேர்ந்து 100 மைக்ரான் தடிமன், அவ்வளவு சின்னது கீழ விழாது, மணிக்கணக்கா மிதக்கும், கதவு இடுக்கு வழியா அடுத்த ரூமுக்குப் போகும். ஸ்காட்லாந்துல ஷான் செம்பிள் குழு 93 புகை பிடிக்கிற வீட்டையும் 17 பிடிக்காத வீட்டையும் அளந்து பார்த்தாங்க, பிடிக்காத வீட்டுல பிஎம் 2.5, அதாவது காத்துல மிதக்குற நுண்துகள், நடு அளவு ஒரு கன மீட்டருக்கு 3 மைக்ரோகிராம், பிடிக்கிற வீட்டுல 31. உலக சுகாதார நிறுவனம் வருஷ சராசரியா 5க்குள்ள இருக்கணும்னு சொல்லுது. ஜன்னல் சாத்தின ஏசி ரூம் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல, ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்தை உள்ள கொண்டு வராது, உள்ள இருக்குறதையேதான் திருப்பித் திருப்பி சுத்த விடும்.

இப்ப மாப்பிள்ளையோட "ஆவி"க்கு வர்றேன்.

அது நீராவி இல்ல. ப்ரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோட்டின், ஃப்ளேவர் கலந்த திரவத்தை ஒரு சின்ன கம்பிச்சுருள் சூடாக்குது, அது காத்துல நுண்ணிய சொட்டுகளா மிதக்குது. எரியறது இல்லங்கறதால அந்த நூல் புகை கிடையாது, அவர் மூச்சு விடும்போது வர்றது மட்டும்தான் ரூமுக்கு வருது. சொட்டுகளும் சீக்கிரம் காஞ்சு மறைஞ்சிடும், சிகரெட் புகை மாதிரி நேரம் நேரமா நிக்காது. இதெல்லாம் உண்மை, இதை மறைச்சு எழுதினா நானும் அந்த விளம்பரக்காரங்க மாதிரி ஆயிடுவேன்.

ஆனா மறைஞ்சது எங்க போச்சு? பார்சிலோனால 2014ல வெளியான ஒரு ஆய்வு, வீட்டுக் காத்துல நிகோட்டினை அளந்தாங்க. சிகரெட் பிடிக்கிற வீட்டுல ஒரு கன மீட்டருக்கு 0.74 மைக்ரோகிராம், வேப் வீட்டுல 0.13, ரெண்டும் இல்லாத வீட்டுல 0.02. வேப் வீடு அஞ்சே அஞ்சுதான், அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ண வேணாம். 2024ல லண்டன் ஆராய்ச்சியாளர்கள் அமெரிக்காவோட 2017லேர்ந்து 2020 வரைக்குமான சர்வேல 3லேர்ந்து 11 வயசு குழந்தைங்க 1,777 பேரோட ரத்தத்தைப் பார்த்தாங்க, நிகோட்டின் உடம்புக்குள்ள போனா கோட்டினைனா மாறும், அதை அளந்தாங்க. வீட்டுக்குள்ள சிகரெட் இருந்த குழந்தைக்கு லிட்டருக்கு 0.494 மைக்ரோகிராம், வேப் மட்டும் இருந்த குழந்தைக்கு 0.081, எதுவும் இல்லாத குழந்தைக்கு 0.016. ரெண்டு ஊரு, ரெண்டு விதமான அளவு, ஆனா பாருங்க, சிகரெட்டை விட வேப் சுமார் ஆறுல ஒரு பங்கு, அதே நேரம் ஒண்ணுமே இல்லாத வீட்டை விட அஞ்சாறு மடங்கு. மாப்பிள்ளை சிகரெட்டுல இருந்து வேப்புக்கு மாறினதால குழந்தைக்கு நிச்சயம் நல்லது நடந்திருக்கு. ஆனா "ஒண்ணும் இல்ல"ங்கறது பொய். குழந்தை ரத்தத்துல இருக்குது. தெற்கு கலிஃபோர்னியால 2014லேர்ந்து 2019 வரை 2,097 இளைஞர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுல, வீட்டுல வேற யாராவது வேப் பண்ணா அங்க இருக்குறவங்களுக்கு மூச்சுக்குழல் தொந்தரவு வர்ற வாய்ப்பு 40 சதவீதமும் மூச்சு வாங்குற வாய்ப்பு 53 சதவீதமும் அதிகமா இருந்துச்சு.

அப்புறம் அந்த மஞ்சள் சுவர். நிகோட்டின் சுவர்ல, திரைச்சீலைல, சோஃபா துணில, பாய்ல ஒட்டிக்கும், ஒட்டினது மாசக்கணக்கா மெதுவா திரும்ப வந்துட்டே இருக்கும். 2010ல அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல கண்டுபிடிச்சது என்னன்னா, அப்படி ஒட்டின நிகோட்டின் காத்துல இருக்குற நைட்ரஸ் அமிலத்தோட சேர்ந்தா புற்றுநோய் உண்டாக்குற நைட்ரோசமைன்களா மாறுது. அந்த நைட்ரஸ் அமிலம் வீட்டுக்குள்ள எங்கிருந்து வருது தெரியுமா? முக்கியமா கேஸ் அடுப்புல இருந்து. நம்ம வீட்டுல அடுப்பங்கரைக்கும் ஹாலுக்கும் நடுவுல ஒரு கதவு கூட இருக்காது. தவழ்ற குழந்தை தரையைத் தொட்டு, பாயைத் தொட்டு, அந்தக் கையை அப்படியே வாயில வைக்கும்.

ஜப்பான்லயும் கதை முடியல. மனைவி திட்டுறாங்கன்னு பால்கனிக்குப் போய் பிடிக்கிற ஆம்பளைங்களுக்கு அங்க ஹொதாரு சோகுன்னு பேரு, மின்மினிப் பூச்சிக் கூட்டம்னு அர்த்தம், இருட்டுல வரிசையா பால்கனில நெருப்புப் புள்ளி மின்னும் இல்ல, அதனால. தன் வீட்டைக் காப்பாத்த வெளிய வந்தாங்க, புகை மேல் மாடிக்குப் போச்சு. 2012 டிசம்பர்ல நகோயா கோர்ட், கீழ் வீட்டு பால்கனில பிடிச்ச ஒருத்தர் மேல் வீட்டு அம்மாவுக்கு 50,000 யென் குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அதே நகோயாலதான் 2014ல புகையிலையை எரிக்காம சூடு மட்டும் பண்ற ஐகாஸ் முதல்ல விற்பனைக்கு வந்துச்சு, வீட்டுக்குள்ளயே பிடிக்கலாம்ங்கற எண்ணத்தோட திரும்ப ஹாலுக்கே வந்துட்டாங்க.

நம்ம நாட்டுல 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டம் போட்டு வேப் தயாரிக்கிறது, இறக்குமதி, விக்கிறது, விளம்பரம் எல்லாத்தையும் தடை பண்ணாங்க, ஆனாலும் கிடைக்குது, மாப்பிள்ளைக்கு யாரோ ஃப்ரெண்டு வாங்கித் தந்திருக்கார். எந்தச் சட்டமும் வீட்டு ஹாலுக்குள்ள வந்து பார்க்காது. 2016-17 தேசிய புகையிலை சர்வேல வீட்டுக்குள்ள அடுத்தவர் புகையை சுவாசிக்கிறவங்க பெரியவங்கள்ல 38.7 சதவீதம்.

போன ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளைக்கு ஃபோன் பண்ணேன். திட்டல. "நீங்க சிகரெட்டை விட்டது பெரிய விஷயம் மாப்பிள்ளை, அதுல பாதி தூரம் வந்துட்டீங்க"ன்னு ஆரம்பிச்சு அந்த மூணு நம்பரை மட்டும் படிச்சேன், 0.494, 0.081, 0.016. கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் "அப்ப மொட்டை மாடிக்குப் போய் அடிச்சா போதுமா மச்சான்"னு கேட்டார். அதுக்கும் ஒரு ஆய்வு இருக்கு, சான் டியாகோல ஜார்ஜ் மேட் 2004ல பண்ணது, குழந்தைக்காக வெளிய போய் சிகரெட் பிடிக்கிற வீட்டுல கூட, பிடிக்காத வீட்டை விட குழந்தைக்கு 5லேர்ந்து 7 மடங்கு போய்ச் சேருது, உள்ள பிடிக்கிற வீட்டை விட ரொம்பக் கம்மிதான், ஆனா சட்டையில, கையில, முடியில ஒட்டிக்கிட்டு உள்ள வந்துடுது. இதையும் சொன்னேன். மாடிக்குப் போங்க, அதுக்குன்னு ஒரு சட்டை வெச்சுக்கோங்க, கீழ வந்ததும் அதைக் கழட்டிட்டு கை வாய் கழுவிட்டு அப்புறம் புள்ளையைத் தூக்குங்க, நிகோட்டின் சூயிங்கம்முக்கு மாற முடியுமான்னு டாக்டர்கிட்ட ஒரு தடவை கேளுங்கன்னேன்.

சரி மச்சான்னார். பின்னாடி தங்கச்சி குரல் கேட்டுச்சு, "அண்ணா, அந்தப் பாயைத் துவைச்சா போதுமா, புதுசு வாங்கணுமா"ன்னு.